ஜாக்கி மேல் நின்ற பாதி வீடு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், மழைத்தண்ணில ஊறி ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கோமளா வீட்டைப் பாக்கத்தானே வந்தீங்க? கையில டேப்பும் அந்த மட்டம் பாக்கற தண்ணி டியூபும் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அங்க யாரும் இல்ல. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, எங்க கொழுந்தனாருக்குப் புரை எடுக்கணும்னு. எங்க வீட்டுக்காரரும் கூடப் போயிருக்காரு. தம்பிக்குக் கண்ணுன்னா இவருக்குத்தான் முதல்ல கலங்கும்.

இருங்க, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியும். உங்க ஆளுங்க ஜாக்கி வச்சுத் தூக்கின வீட்டுல விரிசல் ஏதாவது விட்டிருக்கான்னு பாக்கணும், அதானே? ஒரு விரிசலும் இல்ல. இருந்தா நான்தான் முதல்ல பாத்திருப்பேன். தெனம் பாக்கறேன்.

எவ்வளவு உயரம் பாத்தீங்கல்ல? மூணரை அடி. நான் வாசல்ல கோலம் போட்டுட்டு நிமிர்ந்தா அவ கால் கொலுசுதான் கண்ணுல படுது. நான் மூத்த மருமக தம்பி. அவளைப் பொண்ணு பாக்கப் போனப்போ தட்டு தூக்கிட்டுப் போனவ நான். இன்னைக்கு அவ பேசணும்னா குனிஞ்சு பேசறா, நான் அண்ணாந்து பேசணும். அதனால நான் பேசறதே இல்ல.

இது ரெண்டு வீடு இல்லீங்க. ஒரே வீடு. எங்க மாமனாரு கட்டினது. பெரியவரு எங்க வீட்டுக்காரரு தணிகாசலம், சின்னவரு ஏகாம்பரம். ரெண்டு பிள்ளைக்கும் சண்டை வரக்கூடாதுன்னு நடுவுல ஒத்தைச் சுவரு வச்சு, இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல், மேல ஒரே தளம்னு கட்டினாரு. அப்பல்லாம் ரோட்டுல இருந்து மூணு படி ஏறித்தான் வீட்டுக்குள்ள வரணும். ரோடு போடறவங்க பழசைச் சுரண்டாம அதுமேலயே போட்டுப் போட்டு, மூணு படியும் மண்ணுக்குள்ள போயிடுச்சு. இப்ப எங்க வீட்டுக்கு ரோட்டுல இருந்து எறங்கி வரணும். நீங்களே எறங்கித்தானே வந்தீங்க.

முதல் தடவை தண்ணி வந்தப்போ ரெண்டு பக்கமும் சமமா வந்துச்சு. அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நான் இந்தப் பக்கம் எறைச்சேன், அவ அந்தப் பக்கம் எறைச்சா. ஒரே அடுப்புல காபி போட்டுக் குடிச்சோம். அதுக்கப்புறம்தான் நாங்க வாசல்ல ஒரு சறுக்கு போட்டோம். வண்டி ஏத்தி எறக்கத்தான், எல்லா வீட்லயும் இருக்கறதுதான். ரோட்டுல இருந்து கொஞ்சம் மேல ஏறி, ஒரு திட்டு, அப்புறம் உள்ள எறங்கற மாதிரி. திட்டுல படற தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு கொத்தனாரு கேட்டாரு. தெரு எந்தப் பக்கம் வாட்டமோ அந்தப் பக்கம் விடுங்கன்னு சொன்னேன். தெருவோட வாட்டம் கோமளா வாசல் பக்கம் இருந்தா அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

அடுத்த ஐப்பசில எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. அவ அடுப்படியில முட்டித் தண்ணி. பாவமாத்தான் இருந்துச்சு எனக்கு. பக்கெட்டு குடுத்தேன், மக்கு குடுத்தேன், எங்க வீட்டுத் துடைப்பத்தையே எடுத்துக் குடுத்தேன். துடைப்பம் யாராவது குடுப்பாங்களா? லட்சுமி போயிடுவான்னு தெரிஞ்சும் குடுத்தேன். எங்க பின்கட்டுல தேங்கினதை மட்டும் மோட்டாரு வச்சு எறைச்சோம். ஓஸ் பைப்பு அவங்க சந்து வரைக்கும்தான் எட்டுச்சு, அதனால அங்க விட்டோம். அதையெல்லாம் அவ மனசுல வச்சிருப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மழை விட்டதும் ஒரு நாள் வந்தா. கையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அவிச்சு எடுத்துக்கிட்டு வந்தா. "அக்கா, வீட்டைத் தூக்கிடலாங்கா"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீடு என்ன கொழந்தையா இடுப்புல தூக்கி வைக்கன்னு கேட்டேன். "இல்லக்கா, ஜாக்கி வச்சுத் தூக்கறாங்க. நாலு தெரு தள்ளி ஒரு வீட்டைத் தூக்கியிருக்காங்க, பாத்துட்டு வந்தோம். நமக்கு நடுச்சுவரு ஒண்ணு, தளம் ஒண்ணு. சேர்ந்துதான் தூக்கணும்னு மேஸ்திரி சொல்றாரு"ன்னா. எங்க வீட்டுல தண்ணி வரலையே கோமளான்னு சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு.

இவருதான் எனக்கு விளக்கினாரு. முப்பது வருசம் பஸ் ஓட்டினவரு, ஜாக்கி போடாத நாள் இருக்காது. "திருகுல மரை இருக்கு பாரு மங்கை, அது வேற ஒண்ணுமில்ல, சுத்தி வளைச்சு மேல ஏறற சறுக்கு. திருத்தணி மலை மேல நேரா பஸ் ஏறுமா? சுத்திச் சுத்தி ரோடு போட்டா சுலபமா ஏறிடுதில்ல. அதே கணக்குதான். கம்பியப் புடிச்சு ஒரு ஆளு மெதுவாத் திருகினா, வீடு அந்தச் சறுக்குல கொஞ்சம் கொஞ்சமா ஏறிடும்"னாரு. சறுக்குதான் நம்ம வாசல்லயே இருக்கேங்க, இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டேன். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. எப்பவும் அப்படித்தான், பேச்சு நடக்கும்போது எந்திரிச்சுப் போற ஆளு.

நான் வேணாம்னு ஒரு நாளும் சொல்லல தம்பி. அதைக் குறிச்சுக்கங்க. ஆடியில வேணாம்னேன். புரட்டாசியில வேணாம்னேன். மார்கழில எவன் வீட்டு வேலை ஆரம்பிப்பான், தை பொறக்கட்டும்னேன். தை பொறந்தப்போ எங்க பொண்ணு ஓசூர்ல இருந்து முழுகாம இருக்கேன்னு போன் பண்ணுச்சு. குடும்பத்துல புள்ளத்தாச்சி இருக்கும்போது வாசக்காலை அசைக்கலாமா? எந்த ஊர்லயாவது செய்வாங்களா? கோமளா கேக்கறா, "அவ ஓசூர்ல இருக்காளேக்கா"ன்னு. கட்டிக் குடுத்துட்டாலும் பொறந்த வீடு இதுதானே, இந்த வாசக்காலைத் தாண்டித்தானே போனான்னு சொன்னேன். அவ சரிங்கக்கான்னு போயிட்டா.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு தைரியம் இருந்துச்சு. நடுச்சுவரு ஒண்ணு. அது எங்களுக்கும் சொந்தம். நாங்க சரின்னு சொல்லாம அவளால அந்த வீட்டை ஒரு நூல் அசைக்க முடியாது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மூத்தவளுக்கு வேற என்னதான் இருக்கு சொல்லுங்க.

பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். பெரிய பையன் ஸ்கூலுக்குப் போறான், அதனால அவ இங்க வர முடியாது, நான்தான் போகணும். போனேன். சாம்பார்ப் பொடி, கருவடாம், இவருக்கு வீசிங் மாத்திரை எல்லாம் எடுத்து வச்சுட்டு, பத்திரமா இருங்கன்னு சொல்லிட்டுப் போனேன். பேத்தி பொறந்தா. பொறந்த ஒடனே இவருக்குத்தான் முதல்ல போன் போட்டேன். "சுகப்பிரசவங்க, ரெண்டு உசுரும் நல்லா இருக்கு"ன்னேன். அப்புறம் கேட்டாரு, "நீ இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வருவியா மங்கை?"ன்னு. பாருங்க, எவ்வளவு பாசமா கேக்கறாருன்னு நெனச்சேன்.

மறுநாளே வேலைய ஆரம்பிச்சிருக்காங்க. நான் என் வாயால சொன்ன நல்ல சேதி, அதுதான் அவங்களுக்கு நல்ல நேரம்.

தெனம் போன்ல பேசுவோம். பேசும்போது பின்னால விசில் சத்தம் கேக்கும். என்னங்க விசில்னு கேட்டா, "பக்கத்து மைதானத்துல பசங்க கபடி ஆடறாங்க"ம்பாரு. ரெண்டு மாசமாவா கபடி ஆடுவாங்க? எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல. கட்டின புருசன் கபடின்னா கபடிதான்னு இருந்துட்டேன். பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான்.

மாப்பிள்ளையோட சிநேகிதரு கார்ல இந்தப் பக்கம் வந்தாரு. சொல்லாமப் போய் நிப்போம், இவரு ஆச்சரியப்படட்டும்னு ஏறிட்டேன். தெருமுனையில எறங்கறேன், விசில் சத்தம். மைதானத்துல ஒரு பய இல்ல. சத்தம் எங்க வீட்டுப் பக்கம் இருந்து வருது. பை ரெண்டையும் தூக்கிக்கிட்டு வேகமா வந்து பாக்கறேன், பாதி வீடு மேல நிக்குது, பாதி வீடு கீழ நிக்குது.

உங்களுக்கு இது தெனப்படி வேலை, ஒண்ணும் தோணாது. அஸ்திவாரம் இருந்த இடத்துல காத்து. வரிசையா ஜாக்கி. கீழ ஆளுங்க குந்தி உக்காந்திருக்காங்க, ஆளுக்கு ஒரு கம்பி கையில. உங்க மேஸ்திரி விசில் அடிக்கிறாரு, எல்லாரும் ஒரே மாதிரி கால் சுத்து சுத்தறாங்க, நிறுத்தறாங்க. மறுபடி விசில். ஒருத்தன் கூடச் சுத்தினாலும் சுவரு பொளந்துடுமாமே. மேல கோமளா நிம்மதியா காய் நறுக்கிட்டு இருக்கா. குக்கர் மட்டும் வைக்கக் கூடாதாம், குக்கர் விசில் அடிச்சா ஆளுங்க ஜாக்கியத் திருகிடுவாங்கன்னு உங்க மேஸ்திரி கட்டளை போட்டிருந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க இன்னும்.

அந்தக் கம்பியப் புடிச்சுக் குந்தி உக்காந்திருந்த ஆளுங்கள்ல ஒருத்தரு தலைநிறைய முண்டாசு, லுங்கிய மடிச்சுக் கட்டியிருக்காரு, முதுகெல்லாம் வேர்வை. விசில் வந்ததும் எல்லாரையும் விட நிதானமா, அழகா சுத்தறாரு. யாருன்னு பாத்தா எங்க வீட்டுக்காரரு.

வேலி பயிரை மேஞ்ச கதைய கேள்விப்பட்டிருக்கேன், அன்னைக்குக் கண்ணால பாத்தேன். அவரும் என்னைப் பாத்துட்டாரு. எந்திரிச்சு வரணுமா இல்லையா? வரல. ஒரு ஆளு நடுவுல எந்திரிச்சா வீடு சாஞ்சுடும்னு, அந்த விசில் முடியற வரைக்கும் என்னைப் பாத்துக்கிட்டே திருகினாரு. நான் ரெண்டு கையிலயும் பைய வச்சுக்கிட்டு நிக்கறேன்.

சரி, நம்ம வீட்டுக்குள்ள போவோம்னு உள்ள வந்தா, இதோ இந்தச் சுவரு. இது நான் ஓசூர் போறப்போ கிடையாது. பழைய நடுச்சுவரு கோமளா பக்கத்தோட மேல போயிடுச்சு. அது போனா எங்க தளத்தை எது தாங்கும்? அதுக்காக என் ஹாலுக்குள்ள முக்கா அடி தள்ளிப் புதுசா ஒரு சுவரைக் கட்டி, தளத்தை நடுவுல அறுத்துப் பிரிச்சிருக்காங்க. என் மாமனாரு படம், எங்க கல்யாண போட்டோ, காலண்டரு, எல்லாம் கட்டில் மேல அடுக்கி வச்சிருக்கு, சிமெண்டுத் தூசியோட. என்னைக் கேக்காம என் வீட்டுக்குள்ள ஒரு சுவரு. நடுச்சுவத்தைத் தூக்கித் தம்பிக்குத் தானம் பண்ணிட்டாரு தம்பி.

ஏங்க இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். கையிலிருந்த கிரீசைத் துடைச்சாரு. அப்புறம், "நீ ஊர்ல இருந்தா எனக்கு வாய் வராது மங்கை. நீ இல்லாதப்போதான் வந்துச்சு. சரிடா தம்பி, தூக்கிக்கன்னு சொல்லிட்டேன்"னாரு. நான் என்ன அவரு வாயத் தச்சா வச்சிருந்தேன்?

கோமளா மேல இருந்து எறங்கி வந்தா. அப்ப அவங்களுக்குப் படி கூடக் கட்டல, பலகை சாச்சு அதுல ஒத்தைச் சக்கர வண்டியில மண்ணு தள்ளிட்டு இருந்தாங்க, அது வழியா வந்தா. "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பேத்தி பொறக்கற வரைக்கும் காத்திருந்தோம்கா. ஒரு செங்கல்லு கூட அசைக்கல"ன்னு என் கையப் புடிக்கறா. நான் கைய உருவிக்கிட்டேன். கூட இருந்தே குழி பறிச்சுட்டு, குழி பறிக்கறதுக்கு நல்ல நாள் பாத்தேன்னு சொல்ற மாதிரி இல்ல இது?

உங்க மேஸ்திரி நல்ல மனுசன், குறை சொல்லக் கூடாது. "ஜாக்கியெல்லாம் இங்கயே இருக்கும்மா, உங்க பாதியையும் இதோட தூக்கிடலாம், இதே மட்டத்துக்கு வந்துடும்"னாரு. இவரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. ஏகாம்பரம் கூட "அண்ணி"ன்னு ஆரம்பிச்சாரு. நான் முடியாதுன்னுட்டேன். அவ தூக்கினப்புறம் நான் தூக்கினா, அவளைப் பாத்து நான் தூக்கின மாதிரி ஆகாதா? எனக்குன்னு ஒரு ரோசம் வேணாமா? ஜாக்கியை எல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. நான் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் அவ பண்ணினதைக் கேளுங்க. அவ்வளவு உயரத்துக்கு வண்டி ஏத்தணும்ல, நீளமா ஒரு சறுக்கு போட்டா. எந்தப் பக்கம் பாத்துப் போட்டா? என் வாசலைப் பாத்து. அவ மாடித் தண்ணி, வாசல் தண்ணி மொத்தமும் அந்தச் சறுக்குல வழுக்கிக்கிட்டு, தெருத் தண்ணியும் அதுல முட்டித் திரும்பி, நேரா என் வீட்டுக்கு வருது. ஒரு மனுசிக்கு மனசாட்சி வேணாமா? பக்கத்துல ஒரு குடும்பம் இருக்கே, நம்ம தண்ணி அவங்க மேல போய் விழுமேன்னு தோணாதா? இவருகிட்ட சொல்லி ஆத்தாமையத் தீத்துக்கிட்டேன். அவரு கேக்கறாரு, "நம்ம சறுக்கு எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு மங்கை?"ன்னு. பாத்தீங்களா, அப்பவும் தம்பி பக்கம்தான். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க.

இந்த ஐப்பசில வந்துச்சு பாருங்க தண்ணி. காலையில பாத்தா பாத்திரமெல்லாம் மெதக்குது. இவரு ஒண்ணொண்ணா எடுத்து மேல கொண்டு போறாரு. மேலன்னா எங்க, அவங்க வீட்டுக்குத்தான். அரிசி டின்னு, டிவி, என் பீரோல இருந்த புடவைங்க, எல்லாம் போகுது. நான் கட்டில் மேல கால மடக்கி உக்காந்துட்டேன். கோமளா தண்ணில எறங்கி, புடவையெல்லாம் நனைஞ்சு, இந்தக் கதவு வரைக்கும் வந்து நின்னா. "அக்கா, மேல வாங்க"ன்னா. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுபடி, "அக்கா, உங்க கால்ல வேணா விழறேன், மேல வாங்க"ன்னா. அந்தத் தண்ணில அவ எங்க என் கால்ல விழுவா? வரலன்னேன்.

இவரு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னாரு. முட்டி வரைக்கும் தண்ணி. இரைக்க ஆரம்பிச்சுடுச்சு, வீசிங். என்னைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. அப்புறம் அவ பின்னாடி போயிட்டாரு.

நான் அழுதேன் தம்பி. தண்ணிக்காக இல்ல. கட்டினவரு என்னை விட்டுட்டுப் போறாரு, நான் கூப்பிடக்கூட இல்ல. என்னன்னு கூப்பிடறது?

தண்ணி வடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு. இன்னும் அவரு ராத்திரி படுக்கறது அங்கதான். ஈரம் காயலையாம், நெஞ்சுக்கு ஆகாதாம். காலையில எறங்கி வருவாரு, பேப்பர் படிப்பாரு, பால் வாங்கிக் குடுப்பாரு, அந்த ஆடற நாற்காலியத் தட்டிப் பாப்பாரு. சாப்பாடும் அங்கதான். தம்பி பொண்டாட்டி உப்பு கம்மியாப் போட்டு சமைக்கறாளாம், பிரஷருக்கு நல்லதாம். நான் இத்தனை வருசம் உப்பு அள்ளியா போட்டேன்? சுவத்துக்கு அந்தப் பக்கம் அவரு இருமறது எனக்குக் கேக்குது. முன்ன ஒரு சுவரு, இப்ப ரெண்டு சுவரு, அப்படியும் கேக்குது. எந்திரிச்சுச் சுடுதண்ணி வைக்கலாம்னு தோணும். வச்சு என்ன பண்றது, யாரு மேல ஏறிப் போய்க் குடுக்கறது?

என்ன தம்பி, வந்ததுல இருந்து வாயத் திறந்து திறந்து மூடறீங்க. சொல்லுங்க.

இந்த வீட்டையா? அந்தப் பக்கம் இல்லையா, இந்தப் பக்கத்தை அளக்கவா வந்தீங்க?

யாரு வரச் சொன்னது? அவரா?

நான் வீட்டுல இருப்பேன்னு சொன்னாரா. என்ன சொன்னாரு, அப்படியே சொல்லுங்க. "அவ பேசி முடிக்கட்டும், நடுவுல குறுக்கிடாதீங்க, முடிச்சப்புறம் சொல்லுங்க." ம். அவரே வந்து சொல்றதுக்கு வாய் வரல, ஒரு ஊர்பேர் தெரியாத ஆளை அனுப்பி என்னைப் பேச வச்சுட்டு, அவரு ஆஸ்பத்திரில போய் உக்காந்துக்கிட்டாரா. மறுபடியும் என்னைக் கேக்காமத்தான். ஒரு தடவை முதுகுல குத்தினது பத்தலையா அவருக்கு?

அதே மட்டத்துக்குத்தானா? அவங்க மட்டத்துக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சரி.

இன்னும் என்ன?

கதவா? எங்க கதவு?

இந்தப் புதுச் சுவத்துலயும் அந்தப் பழைய சுவத்துலயும் நேருக்கு நேரா ஓட்டை போட்டு, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கதவா. அவரு சொன்னாரா. கோமளாவுக்குத் தெரியுமா? அவதான் கேட்டாளா.

தண்ணி வேணுமா தம்பி உங்களுக்கு? எனக்கு வேணும். இருங்க, குடிச்சுட்டு வர்றேன்.

சரி, டேப்பை எடுங்க. அந்த முனையை வேணா நான் புடிக்கறேன். அவரு எல்லாத்தையும் சொன்னாரே, அந்தக் கதவுக்குத் தாப்பா எந்தப் பக்கம்னு சொன்னாரா? சொல்லலையா. அப்ப அதை நான் சொல்றேன், எழுதிக்கங்க. என் பக்கம் வைங்க. அவ பக்கம் ஒண்ணும் வேணாம்.